ஊரெல்லாம் பாலையன் முகம்

கீழச்சேந்தங்குடியில் பாலையனை எட்டு வருஷமாகக் காணோம் என்று சொன்னால் அது பொய்யில்லை. அதே ஊரில் போன பங்குனியிலிருந்து நாளுக்கு மூன்று பேராவது பாலையனைப் பார்த்தார்கள் என்று சொன்னால் அதுவும் பொய்யில்லை. இந்த இரண்டு உண்மைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டியது அவன் பெண்டாட்டி அஞ்சுகத்துக்கு மட்டும்தான், மற்றவர்களுக்கெல்லாம் நல்ல பொழுதுபோக்கு.

பாலையன் போன கதையை முதலிலேயே சொல்லித் தீர்த்துவிடலாம், ஏனென்றால் அதில் சொல்ல ஒன்றுமே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஆறு இட்லி தின்றுவிட்டு, "வண்டிக்குப் பெட்ரோல் போட்டுட்டு வந்துர்றேன்" என்று கிளம்பினான். சாயங்காலம் வண்டி பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் கிடைத்தது, டேங்க் நிறையப் பெட்ரோலோடு. சொன்னதில் பாதியைச் செய்துவிட்டுத்தானே போயிருக்கிறான், அந்த மட்டுக்கும் யோக்கியன் என்று ஊர் பேசிக்கொண்டது. அஞ்சுகம் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள், குறி கேட்டாள், குறி சொன்னவர் வடக்கே என்றார், ஸ்டேஷனில் இருந்தவர் "தெக்கால விசாரிச்சுப் பாரும்மா" என்றார். ஒரு வருஷம் அழுதாள், ஒரு வருஷம் வைதாள், மூன்றாம் வருஷம் பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் தற்காலிகமாகச் சமைக்கப் போனாள். தற்காலிகம் என்று சொல்லியே ஐந்து வருஷம் சோறாக்கிவிட்டாள்.

பிள்ளை இல்லை. கல்யாணமான முதல் வருஷம் சமையல்கட்டு மூலையில் மண்குளவி கூடு கட்டியது. குளவி மண் பூசினால் அந்த வீட்டில் தொட்டில் ஆடும் என்பார்கள். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் வந்து கூட்டையும் அவள் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். குளவிக்குப் பிள்ளை பிறந்து, வளர்ந்து, கூட்டை ஓட்டை போட்டுக்கொண்டு பறந்தும் போய்விட்டது. இவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பூச்சிகளைப் பற்றி ஊர் சொல்வதை நம்பக்கூடாது, நாமே உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள்.

அவர்கள் கல்யாணப் படம் ஒன்று இருந்தது. மரச்சட்டம் போட்டது. வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு மனசில்லை, தூக்கி எறியவும் மனசில்லை. ஆகவே வாசல் சாய்ப்புக்கு அடியில், வெளிச்சுவரில், செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே மாட்டிவைத்திருந்தாள். மாசி மாதம் கதண்டுகள் என்கிற பெருங்குளவிகள் வந்தன. கட்டைவிரல் நீளம், வயிற்றில் மஞ்சள் பட்டை, பறந்தால் தூரத்து மோட்டார் ஓடுகிற சத்தம். கூடு கட்ட அவற்றுக்கு மரச்சீவல் வேண்டும், கடித்து மென்று கூழாக்கிப் பூசுவதற்கு. முதலில் சட்டத்தைச் சுரண்டின, பிறகு பின்னட்டையை, பிறகு படத்தையே. மாப்பிள்ளைப் பக்கத்தை மாலையோடு சேர்த்துத் தின்று தீர்த்தன, பெண் பக்கத்தில் வாயே வைக்கவில்லை. சாய்ப்பின் மூலையில் கூடு தேங்காயளவு ஆனது, பானையளவு ஆனது, பங்குனி பிறக்கையில் ஒரு நெல் குதிரின் வயிறளவுக்கு உப்பித் தொங்கியது. சுவரில் அஞ்சுகம் மட்டும் கழுத்தில் மாலையோடு, பக்கத்தில் யாருமில்லாத இடத்தைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் கொட்டு பால்காரர் மாரிக்கண்ணுவுக்கு. "மாரிக்கண்ணண்ணே, கைய வீசாதீங்க, துண்ட எடுக்காதீங்க, அப்படியே பின்னால நடங்க" என்று அஞ்சுகம் உள்ளேயிருந்து கத்தினாள். அவர் துண்டை எடுத்துச் சுழற்று சுழற்று என்று சுழற்றினார். கன்னத்தில் ஒரே ஒரு கொட்டு. மனுஷன் கேனைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார், மூஞ்சி வீங்கியது, நெற்றி வீங்கியது, கண் இடுங்கியது, தாடை ஒரு பக்கமாக அகன்றது, எல்லா வீக்கமும் ஒரு மணி நேரத்தில் அதது இடத்தில் போய்ப் படிந்தபோது, பால் கேனுக்குப் பக்கத்தில் பாலையன் உட்கார்ந்திருந்தான். அதே தூக்கின புருவம், அதே மேலுதட்டு மச்சம், எதையோ மறைத்துவைத்துக்கொண்டு சிரிக்கிற அதே அரைச் சிரிப்பு.

சுண்ணாம்பு எடுத்து வந்த அஞ்சுகம் டப்பாவைக் கீழே போட்டாள். பிறகு எட்டு வருஷத்தையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "எங்கய்யா போன? பெட்ரோல் போடப் போன ஆளுக்கு எட்டு வருசமாய்யா ஆகும்? நான் என்னய்யா கொற வச்சேன்? சொல்லிட்டாவது போயிருக்கலாம்ல? உனக்கு வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். மாரிக்கண்ணு பாலையனின் கண்ணால் பொலபொலவென்று அழுதார். "ஆத்தா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது ஆத்தா, நான் பாலு ஊத்த வந்தேன்" என்றார். குரல் மாரிக்கண்ணுவுடையதுதான். அவள் கையை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அன்று மாரிக்கண்ணுவின் பெண்டாட்டி அவரை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் வீக்கம் இறங்கி, பழைய மூஞ்சியோடு எழுந்தார்.

இதைக் கேட்டு ஊர் வாயைப் பிளந்தது என்று நினைத்தால் உங்களுக்குக் கீழச்சேந்தங்குடியைத் தெரியாது. ஊர் கேட்ட முதல் கேள்வி, "வலி ரொம்ப இருக்குமா?" என்பது. இரண்டாவது கேள்வி, "மூணு நாளா, நாலு நாளா?" என்பது.

அதற்குப் பிறகு கொட்டு வாங்காதவர்கள் குறைவு. கூட்டை எரிக்கத் தீயணைப்பு வண்டி வந்தது, காற்று திசை மாறியது, வந்த ஐந்து பேரில் இரண்டு பேர் பாலையனாகத் திரும்பிப் போனார்கள். மேலதிகாரி அவர்களை யாரென்று கேட்டு மூன்று நாள் வாசலிலேயே நிறுத்திவைத்தாராம். அதோடு சரி, அப்புறம் போன் போட்டால் "வண்டி ரிப்பேருங்க" என்றார்கள். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்து மாட்டிக்கொண்டார். பெண்களுக்கும் அதே முகம்தான், மீசை மட்டும் வராது. மறுநாள் மீசையில்லாத பாலையன் சேலை கட்டிக்கொண்டு காலை வழிபாட்டில் நின்று, "வரிசையா நில்லு, பேசாத" என்று அதட்டியபோது ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை, ஏனென்றால் பிரம்பு டீச்சருடையதுதான். செட்டித் தெருவில் ஒரு கன்றுக்குட்டிக்குக் கொட்டியது. அதற்குப் பாலையன் சாடை இருக்கிறதா இல்லையா என்பதில் இரண்டு கட்சி உண்டாகி, இன்றைக்கு வரை தீர்ப்பாகவில்லை.

வீட்டுக்கு வரும் பாலையன் தன் புருஷன்தானா என்று கதவைத் திறக்குமுன் மூன்று கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். கொட்டுப்பட்டவர்கள் சட்டைப் பையில் பேர் எழுதின சீட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஒரு மாதம் போனது. சீட்டை மாற்றி வைத்துக்கொள்கிற கெட்டிக்காரர்கள் தோன்றினார்கள். மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போகப் பிடிக்காதவன், வேலை வாங்கும் அண்ணனிடமிருந்து தப்பிக்க நினைத்தவன், கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போனவன், இவர்களெல்லாம் தாங்களாகவே வந்து கூட்டுக்குக் கீழே நின்று கையை வீசினார்கள். பாலையனின் தங்கை தவமணி வெள்ளிக்கிழமைதோறும் அன்றைக்கு யார் யார் அண்ணன் முகத்தோடு இருக்கிறார்களோ அத்தனை பேரையும் கூப்பிட்டு வைத்து, அண்ணனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலுமாக, கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பரிமாறினாள். வியாழக்கிழமைகளில் கொட்டு வாங்க வருகிறவர்கள் கூட்டம் அதிகமானதற்கு வேறு காரணம் சொல்ல முடியாது.

அஞ்சுகத்தை மட்டும் கொட்டவில்லை. தினம் நாலு தடவை கூட்டுக்குக் கீழேயே போய் வருகிறாள்; எண்ணெய் வாசனை இல்லை, பூ இல்லை, கையை வீசுவதில்லை, கதவை அடித்துச் சாத்துவதில்லை. கொட்டிவிட்டால் அந்த மூஞ்சியைத் தன் கழுத்துக்கு மேலே மூன்று நாள் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமே என்கிற பயத்தில் அவள் நடக்கிற நடையே ஓர் அடங்கின நடையாகிவிட்டது. கொட்டுப்பட்டு வாசலில் வந்து விழுகிறவர்களைப் பார்த்துக்கொள்வதும் அவள் தலையில் விழுந்தது. "மூச்சு முட்டுதா? நாக்கு தடிக்குதா? மேலெல்லாம் தடிப்பா?" என்று முதலில் கேட்பாள்; ஆமாம் என்றால் உடனே ஆஸ்பத்திரி வண்டிக்குப் போன்; இல்லையென்றால் பச்சைத் தண்ணீரில் கழுவிச் சுண்ணாம்பு. இரண்டு பேரை அப்படி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் காப்பாற்றியும் இருக்கிறாள்.

சோறு போடுகிற இடத்தில் பிள்ளைகளுக்கும் அதையே ஓதினாள். "சுவத்துல மண்ணப் பூசுறது ஒத்தக் குளவி, அது உங்க சோலிக்கே வராது. உத்தரத்துல கவுத்துப் போட்ட கொடையாட்டம் தொங்குது பாருங்க, அது சின்னக் குளவி, கூட்டத் தொட்டாதான் வம்பு. ஒரு கதண்ட அடிச்சுக் கொன்னா அந்த வாடைக்கே மத்ததெல்லாம் கெளம்பி வரும், அதனால அடிக்கப்படாது. தேனீ கொட்டுனா கொடுக்க உள்ளயே விட்டுட்டுப் போயிரும், நகத்தால சொரண்டி எடுக்கணும். கதண்டு அப்படிக் கெடையாது, கொடுக்க விடவே விடாது, அது கொட்டுன எடத்துல எடுக்கிறதுக்கு ஒண்ணுமே இருக்காது." பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரிச் சொன்னார்கள். பிள்ளைகளிடமிருந்து வீடுகளுக்குப் போயிற்று. ஆனி மாதத்துக்குள் அந்த ஊரில் கதண்டு கொடுக்கு விடாது என்று தெரியாத ஜீவன் ஒன்றுகூட இல்லை, செட்டித் தெருக் கன்றுக்குட்டியைத் தவிர.

பாலையன் முகம் வந்தவர்களையெல்லாம் அவள் ஆரம்பத்தில் விடாமல் திட்டினாள். மாரிக்கண்ணுவிடம் பாதி, தீயணைப்புக்காரர்களிடம் கொஞ்சம், எஸ்தர் டீச்சரிடம் மரியாதையாகக் கொஞ்சம். "திட்டும்மா, மனசுல வைக்காத, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று டீச்சர் பாலையனின் முகத்தை நீட்டிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். இப்படி இருபது முப்பது பேரைத் திட்டியானதும், ஒரு நாள் தபால்காரர் அந்த முகத்தோடு வந்து, "என்னக்கா, இன்னிக்கி எனக்கு ஒண்ணும் கெடையாதா?" என்று தானாகவே கேட்டபோது, அவளுக்குச் சொல்ல எதுவும் வரவில்லை. தேடித் தேடிப் பார்த்தாள். கோபம் இருந்த இடம் கழுவிக் கவிழ்த்த சட்டியாக இருந்தது. "தண்ணி வேணும்னா குடிச்சுட்டுப் போங்க தம்பி" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் சத்துணவு மையத்துக்கு நிரந்தரச் சமையலர் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கு முன்னுரிமை, வயது நாற்பதுக்குள். ஆவணி பிறந்தால் அஞ்சுகத்துக்கு நாற்பது முடிகிறது. தற்காலிகம் என்கிற வார்த்தையை உதறிவிட்டு, "என் வேல" என்று சொல்லிக்கொண்டு அந்த அடுப்பு முன்னால் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு உலகத்தில் ஓர் ஆசையும் பாக்கியில்லை. அதற்குக் கைவிடப்பட்டவர் என்கிற சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு வி.ஏ.ஓ. கதிரேசன் விசாரித்து எழுத வேண்டும்.

கதிரேசன் நல்ல மனுஷர். அதுதான் சங்கடம். உள்ளதை உள்ளபடி எழுதுவார், ஒரு எழுத்துக்கூட மாற மாட்டார்.

"உன் கஷ்டம் எனக்குத் தெரியாதாம்மா? ஆனா கணவர் இந்த ஊர்ப் பக்கமே வர்றதில்ல, ஐஞ்சு வருசமா யாரும் பாக்கலன்னு நான் எழுதணும். நேத்து சாயங்காலம் டீக்கடையில அவரு பஜ்ஜி தின்னத நானே என் கண்ணால பாத்தேன்."

"சார், அது மாரிக்கண்ணண்ணன் சார். மூணாவது தடவையா கொட்டு வாங்கியிருக்காரு."

"இருக்கலாம். இல்லேங்கல. ஆனா பாத்தது பாத்ததுதானே? நாளைக்கி ஒருத்தன் மேலதிகாரிக்கு மனுப் போட்டு, ஏன்யா நீ பாக்கலேன்னு எழுதுனன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"எட்டு வருசமா ஒருத்தன் கண்ணுலயும் படாத ஆளு சார்! அப்ப வந்து கேட்டிருந்தா எழுதிக் கொடுத்திருப்பீங்கல்ல?"

"கண்டிப்பா. அப்ப நீ கேக்கலியேம்மா" என்றார் கதிரேசன், உண்மையான வருத்தத்தோடு.

அவள் அவரை எட்டு தடவை போய்ப் பார்த்தாள். எட்டு தடவையும் அவர் வழியில் ஒரு பாலையனையாவது பார்த்திருந்தார். ஊர்க்காரர்களிடம், "கொஞ்ச நாளைக்கிக் கூட்டுப் பக்கம் வராதீங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சினாள். "அதுக்கென்ன அஞ்சுகம், உனக்காக இதுகூடச் செய்ய மாட்டமா" என்றார்கள். அடுத்த வியாழக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள்.

கடைசியில் கதண்டுதான் வழிசெய்தது. நேரில் பார்த்து எழுதுவோம் என்று ஆடி இருபதாம் தேதி கதிரேசனே வந்தார், சட்டைக்குச் சென்ட் அடித்துக்கொண்டு வந்தார், அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஃபைலை எடுத்து வீசினார். பிறகு மூன்று நாள் அவர் பட்ட பாட்டை அவரே சொன்னால்தான் கேட்க நன்றாயிருக்கும். அவர் பெண்டாட்டி கேட்ட மூன்று கேள்வியில் இரண்டுக்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. ஒன்று கல்யாண நாள். வி.ஏ.ஓ. ஆபீசில் அவர் நாற்காலியில் அவரையே உட்காரவிடவில்லை. மூன்றாம் நாள் பழைய முகத்தோடு வாசலில் வந்து நின்று, "அம்மா, மூஞ்சிய வச்சு எதையும் எழுதக்கூடாதுன்னு புரிஞ்சுக்கிட்டேன். ஆளு யாருன்னு விசாரிக்கணும். வர்ற வெள்ளிக்கெழம பதினோரு மணிக்கு ரெண்டு சாட்சிய வரச் சொல்லு, முடிச்சுக் கொடுத்துர்றேன்" என்றார். அஞ்சுகம் அன்றைக்குத் தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள், சந்தோஷம்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. மனு கொடுக்கக் கடைசி நாளும் அதுதான். சாய்ப்புக்குக் கொஞ்சம் தள்ளி, முருங்கை நிழலில் ஒரு மேஜை போட்டு, மேஜைக்கு இந்தப் பக்கம் கதிரேசன், அந்தப் பக்கம் சாட்சிக்கு எஸ்தர் டீச்சர். இன்னொரு சாட்சி மாரிக்கண்ணு, பால் ஊற்றிவிட்டு வந்துகொண்டிருந்தார். மனுவில் ஒட்டப் புகைப்படம் வேண்டும் என்றதும், சுவரிலிருந்த பாதிக் கல்யாணப் படத்திலிருந்து தன் முகத்தைக் கத்தரித்துக் கொடுத்தாள் அஞ்சுகம். "பதினெட்டு வயசு போட்டோவாச்சேம்மா" என்றார் கதிரேசன். "ஆளு அதே ஆளுதான் சார்" என்றாள். மூஞ்சியை வைத்து எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டதால் அவர் ஒட்டிக்கொண்டார்.

அப்போது படலைத் திறந்துகொண்டு ஒரு பாலையன் வந்தான். கையில் ரெக்சின் பை, முழுக்கால் சட்டை, பளபளவென்று பெல்ட்டு. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை, தவமணி வீட்டுச் சாப்பாட்டுக்கு யாரோ சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

அஞ்சுகம் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, அந்த முகத்தில் அவளுக்குப் பார்க்க என்ன இருக்கிறது. காலைப் பார்த்தாள். வலது செருப்பை இடது காலால் மிதித்து உதறி, அது உருண்டு போய்க் கவிழ்ந்து கிடக்க, திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தான். எத்தனை நாள் அந்தச் செருப்பை நிமிர்த்தி வைத்திருக்கிறாள். கொட்டுப்பட்டவர்களுக்கெல்லாம் முகம்தான் வரும், நடை அவரவர் நடைதான். இது பாலையன் நடை.

"அஞ்சுகம், என்ன, நல்லாருக்கியா?" என்றான். ஊரில் எல்லோரும் தன் முகத்தோடு அலைகிற வீடியோவை எவனோ எந்த ஊரிலோ அவனுக்குக் காட்டியிருக்கிறான். ஊரே தன்னை நினைத்து உருகுகிறது என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறான் என்பது அந்த அரைச் சிரிப்பிலேயே தெரிந்தது.

கதிரேசன் எழுதிக்கொண்டே சொன்னார்: "வாய்யா, வா. இந்தம்மா புருசன் பாலையனப் பத்தித்தான் விசாரிச்சு எழுதிக்கிட்டிருக்கோம். ஆளு வந்துட்டான்னா இன்னிக்கே தாலுகா ஆபீசுக்கு வரணும். ஸ்டேஷன்ல காணாமப் போன கேசு நிக்கிது, அங்க போயி எட்டு வருசமா எங்க இருந்தான், யாரோட இருந்தான், எல்லாத்தையும் வரிவரியா எழுதிக் கொடுக்கணும். பொண்டாட்டியக் காப்பாத்துறதுக்கு ஒத்துக்கிட்டுக் கையெழுத்தும் போடணும். அது சரி, நீ யாருப்பா? கொட்டுப்பட்டியா?"

பாலையன் நின்ற இடத்திலேயே நின்றான். சிரிப்பு மெல்ல வடிந்தது.

அஞ்சுகம் அவனுக்கு எதிரே வந்து நின்றாள். அவளுக்குத் தெரியும், நான்தான் என்று அவன் சொன்னால் மனு கிழிந்தது, வேலை போனது, தற்காலிகமாகவே செத்துப்போக வேண்டியதுதான். அது தெரிந்தும் அவள் மனசு, வெட்கங்கெட்ட மனசு, சொல்லிரு, சொல்லிருய்யா, ஒரு தடவை வாயத் தொறந்து நான்தான்னு சொல்லிரு என்று உள்ளுக்குள் கெஞ்சியது. வேலை போனால் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

"சார் கேக்குறாருல்ல" என்றாள். "சொல்லுங்க. யாரு நீங்க?"

அவன் ஃபைலைப் பார்த்தான், படலைப் பார்த்தான், அவளை மட்டும் பார்க்கவில்லை.

"வெளியூருங்க" என்றான். "இந்த வழியா வந்தேன். என்னமோ கொட்டிருச்சு."

அவள் உள்ளே போய்ச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துவந்தாள். மூடியைத் திறந்தாள்.

"எங்க கொட்டுச்சு?"

"இங்க" என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினான். அங்கே தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை, வியர்வை மட்டும் இருந்தது.

"கொடுக்கு உள்ள இருக்கா?"

"இருக்கு போலருக்கு. முள்ளாட்டம் குத்துது" என்றான் பாலையன். "கொஞ்சம் எடுத்து விட்டுரு."

டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் படலுக்குள் நுழைந்த மாரிக்கண்ணு அப்படியே நின்றுவிட்டார். கதிரேசனின் பேனா நின்றது. அவர் மெல்லத் தலையைத் தூக்கி, வந்தவனை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார், பிறகு அஞ்சுகத்தைப் பார்த்தார். கதண்டு கொடுக்கு விடாது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். ஊரில் இல்லாத ஒருத்தனுக்குத்தான் தெரியாது. மேலே கதண்டுகள் அவன் தலையை உரசிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தன, ஒன்றுகூட அவனைச் சட்டை செய்யவில்லை.

அஞ்சுகம் விரல் நுனியில் சுண்ணாம்பை எடுத்து, ஒன்றுமே இல்லாத அந்தக் கழுத்தில், காதுக்குக் கீழே, வட்டமாகத் தடவினாள். எடுப்பதற்கு ஒன்றும் இல்லைதான், இருந்தாலும் நகத்தால் ஒரு தடவை சுரண்டியும் விட்டாள்.

"எடுத்தாச்சு" என்றாள். "மூணு நாள்ல எறங்கிரும். தண்ணி நெறையக் குடிங்க. வெளியூரு ஆளுங்க இந்தப் பக்கம் வந்தா பாத்துத்தான் வரணும்."

"ஒரு நிமிசம்" என்றார் கதிரேசன். "விசாரணையப்போ கூட இருந்தீங்க. இந்தம்மா புருசன் பாலையன் இங்க இல்லேன்னு கீழ ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. பேரத் தெளிவா எழுதுங்க."

அவன் பேனாவை வாங்கினான். பா என்று எழுதினான், பேனா அங்கேயே நின்று யோசித்தது. பிறகு பாலசுந்தரம் என்று முடிந்தது. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டான். அஞ்சுகம் அதை நிமிர்த்தி வைக்கவில்லை, அவனே குனிந்து நிமிர்த்தினான்.

அவன் தெருத் திரும்பினான். கதிரேசன் ஃபைலைத் தன் பக்கம் இழுத்து, உள்ளதை உள்ளபடி எழுதுகிற மனுஷர், எழுதினார். எழுதினதை வாசித்தும் காட்டினார்: "மனுதாரரை அவரது கணவர் கைவிட்டது, நேரில் விசாரித்ததில், உண்மை எனத் தெரியவருகிறது."

"நேரில்ங்கறதுக்கு அடியில ஒரு கோடு போடுங்க சார்" என்றாள் அஞ்சுகம்.

அவர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். டீச்சரும் மாரிக்கண்ணுவும் கையெழுத்துப் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பகல் சோறாக்க நேரமாகிவிட்டதால் அவள் சுண்ணாம்புக் கையைக் கழுவிக்கொண்டு அடுப்புப் பற்ற வைக்க ஓடினாள்.

மறுநாள் தவமணி வந்தாள், ஒரே குறை. "நேத்து ஒரு வெளியூருக்காரன் அண்ணி, கழுத்துல சுண்ணாம்போட பஸ்ஸுக்கு நின்னான். பாவம்னு கூட்டிட்டுப் போயி எல போட்டேன். வாயே தொறக்கல. கருவாட்ட ஒதுக்கி வச்சுட்டான். எத்தன பேருக்குப் பரிமாறியிருக்கேன், இவ்வளவு மோசமா யாருக்கும் கொட்டுனதில்ல அண்ணி. அண்ணன் சாடையே இல்ல."

அஞ்சுகம் உலையில் அரிசியைக் கழுவிப் போட்டாள்.

"ஆமா தவமணி" என்றாள். "நானும் பாத்தேன். இல்லதான்."